எட்டுக்கால் சாட்சி

ஃபேர்மிஸ்ட் தேயிலைத் தோட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு நாட்களாக ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபிஸ் வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நின்று அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மேலே 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே மூன்று கொக்கிகளில் மூன்று எண் தகடுகள் தொங்கும். தினமும் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் பாதுகாப்பு அதிகாரி விமலன் கையுறை மாட்டிக்கொண்டு கடைசித் தகட்டை மாற்றுவார். தகடு மாற்றும்போது விரல் நசுங்கினால் அதுவும் விபத்தாகிவிடுமே, அதற்காகக் கையுறை. இந்த நானூற்றுப் பன்னிரண்டு நாளில் கொழுந்து வெட்டும் மெஷின் ஒருவன் முழங்காலைக் கிழித்தது உண்மைதான். ஆனால் அவன் அன்றைக்கு லீவில் இருந்தான் என்று மறுநாள் தெரியவந்தது. லீவுக் கடிதத்தை எழுதியதும் விமலன்தான். ஐந்நூறு நாள் நிறைந்தால் தலைமை ஆபிஸ் கேடயம் கொடுக்கும், தோட்டத்துக்கே பிரிஞ்சாங் டவுன் ஹோட்டலில் விருந்து நடக்கும் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

அந்த மாதத்துப் 'பாதுகாப்பு வீரர்' குகனேஸ்வரன். ஐம்பத்தாறு வயது. இரண்டு பேர் பிடித்து ஓட்டும் கொழுந்து மெஷினில் பதினெட்டு வருஷமாக இடது கைப்பிடி அவருடையது. அவர் செய்த வீரம், ஒன்றும் ஆகாமல் இருந்தது. மறுநாள் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி அந்தப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டப்போவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தார். தலையில் நரை பரவாயில்லை, தொப்பி மறைத்துவிடும். மீசைதான் பாதிக்கு மேல் வெளுத்துக் கிடந்தது.

டை அடித்தால் தீர்ந்தது. ஆனால் டை விஷயத்தில் குகனேஸ்வரனுக்குப் பழைய வினை ஒன்று இருந்தது. அவர் மனைவி நீலாவதியின் அண்ணன் பக்கிரிசாமி, கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர், பத்து வருஷமாகத் தலைக்கு டை அடிக்கிறவர். அந்தப் பத்து வருஷமும் ஒரு கல்யாணம் கருமாதி விடாமல், "அதோ மச்சான் தலை வந்துருச்சு, பின்னாடியே மச்சானும் வருவாரு" என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தவர் குகனேஸ்வரன். இப்போது எந்த முகத்தோடு டை வாங்குவது? பிரிஞ்சாங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, யாருக்கோ வாங்குவது போல ஒரு பாக்கெட் வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

நல்லவேளையாக நீலாவதி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்க்கவும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. போட்டோ நாளைக்கு. அரை மணி நேரத்தில் கழுவவும் என்றும் போட்டிருந்தது. நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஒன்றரை மணி நேரம் விட்டார். நெடி கண்ணைக் கரித்தது. லயத்து வீடு, பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. அங்கே வேலாயி கருவாடு பொரித்தால் இங்கே பூனை வந்து உட்காரும். அதனால் ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தார்.

விடிந்து பார்த்தால் மேலுதடு குழிப்பணியாரம் மாதிரி எழும்பி நின்றது. மீசைக்கு அடியில் வரிசையாகக் கொப்புளம், நீர் வேறு வடிகிறது. மீசை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. அதிலும் பாதியைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனார்.

துண்டை விலக்கிப் பார்த்த விமலனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய பார்வை குகனேஸ்வரனின் உதட்டுக்கும் பலகைக்கும் மாறி மாறிப் போனது.

"அங்கிள், எப்ப ஆச்சு இது? வேலை நேரத்துலயா? மெஷின் ஏதும் பட்டுச்சா? சொல்லுங்க லா."

கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. குகனேஸ்வரனுக்கு வாயில் வந்தது அதுதான். "ராத்திரி படுத்திருந்தேன் சார். எட்டுக்கால் பூச்சி போலிருக்கு."

விமலன் பெருமூச்சு விட்டார். "பூச்சின்னா இயற்கை. இயற்கை விபத்துல சேராது." கையுறையை மாட்டிக்கொண்டு போய் நானூற்றுப் பதிமூன்றை மாட்டினார்.

அத்தோடு முடிந்திருந்தால் உதடு வற்றியதும் பொய்யும் வற்றியிருக்கும். ஆனால் ஒரு அதிகாரியிடம் ஒரு காரணம் கிடைத்தால் அவர் அதைச் சும்மா விடுவாரா? அன்று மத்தியானமே புது ஃபாரம் ஒன்று தயாராகி வந்தது. விமலன் எதிரே உட்காரவைத்து நிரப்பினார்.

"எத்தனை கால் இருந்துச்சு அங்கிள்?"

"தூக்கத்துல இருந்தேன் சார். எண்ணல."

"அப்ப எட்டுன்னு போட்டுக்கிறேன். நிறம்?"

"இருட்டா இருந்துச்சு."

"கறுப்பு." எழுதினார். "கண்ணால பார்த்த சாட்சி யாரு?"

"யாரும் இல்ல சார்."

"கடி வாங்கினவரே சாட்சி," என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் போட்டோ மாட்டினார்கள். வீரம் என்ற தலைப்பு போய் 'சிலந்தி: நம் வீட்டுக்குள் எதிரி' என்று வந்திருந்தது. கீழே குகனேஸ்வரனின் வீங்கிய உதடு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. பெரட்டில் விமலன் அதைக் குச்சியால் தொட்டுக் காட்டிப் பேசினார்.

"சிலந்தி நம்ம கம்பெனி தொழிலாளி இல்ல. அது பண்றதுக்குக் கம்பெனி பொறுப்பேத்துக்க முடியாது. சிலந்தி எங்க இருக்கும்? அசுத்தத்துல. அசுத்தம் எங்க இருக்கும்? வீட்டுல. வீடு யாரோடது?"

"கம்பெனியோடது," என்றது ஒரு குரல்.

"வீடு கம்பெனியோடது. அசுத்தம் உங்களோடது. இந்த வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கிட்டாவே பாதிப் பாதுகாப்பு வந்துரும்."

சிலந்தி விழிப்புணர்வு வாரம் என்று ஒன்று அறிவித்தார்கள். வீட்டுக்குப் பத்துச் சிலந்தி பாட்டிலில் பிடித்து ஆபிஸில் ஒப்படைக்க வேண்டும். மலைக்குளிரில் லயத்தில் அத்தனை சிலந்திக்கு எங்கே போவது? ஆளுக்கு ஒரு ஸ்ட்ராபெரி ஜாம் பாட்டிலோடு மோட்டார் சைக்கிளில் ஏறிக் கியா பார்ம் காய்கறிக் கொட்டகைகளுக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்த பாட்டில்களை விமலன் ஸ்டோரில் அடுக்கிவைத்தார். சில மூடிகள் சரியாக இறுகவில்லை. வாரம் முடிகிறபோது தோட்டத்தில் முன்னைவிடச் சிலந்தி அதிகமாக இருந்தது, பிரச்சினை எவ்வளவு பெரிது என்பதற்கு அதையே ஆதாரமாக எழுதித் தலைமை ஆபிஸுக்கு அனுப்பினார்.

பிறகு தோலில் எது வந்தாலும் சிலந்தி. மோட்டார் சைலன்சர் சுட்ட காலுக்குச் சிலந்தி. கவாத்துக் கத்தி கீறிய கைக்குச் சிலந்தி. ஒருவன் குத்திய முள்ளோடேயே வந்தான், அவனுக்கும் சிலந்தி. குகனேஸ்வரன் உதட்டுக்கு மருந்து போட வந்தபோது தோட்டத்து டிரெசர் தினேஸ்வரன் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எனக்குச் சொல்லிக் குடுத்தது இதுதாங்க. புண்ணை மட்டும் பார்த்துச் சிலந்தின்னு எவனாலயும் சொல்ல முடியாது. கடிச்சதைக் கண்ணால பார்த்திருக்கணும், பூச்சியைக் கொண்டாந்து காட்டணும். பாவம், அது மனுசனைக் கண்டா ஓடி ஒளியுற ஜென்மம். இப்படி வர்றதெல்லாம் பெரும்பாலும் வேற ஏதாவதுதான். கிருமி, சூடு, ஒத்துக்காத மருந்து, டை, இப்படி."

கடைசி வார்த்தையில் குகனேஸ்வரனுக்குக் காது சுட்டது. "அப்புறம் ஏன் டிரெசர் சிலந்தின்னு எழுதுறீங்க?"

"ஃபாரத்துல ரெண்டே கட்டம். ஒண்ணு விபத்து, ஒண்ணு சிலந்தி. விபத்துல டிக் போட்டா, பேனா சரியில்லன்னு விமலன் சார் வேற பேனா குடுக்கிறாரு."

பக்கத்து வீட்டு வேலாயி ஆபிஸுக்கு வந்தது நானூற்று எழுபத்தைந்தாம் நாள். களைக்கொல்லி அடிக்கிற வேலை அவளுடையது. புருஷன் போனபிறகு தனியாக இருக்கிறவள். முதுகில் மாட்டுகிற மருந்துப் பம்பின் மூடியில் வாஷர் போய் மூன்று வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று தடவை ஸ்டோரில் சொல்லிப் பார்த்தாள். பிறகு அரிசிப் பையை மடித்து முதுகில் கட்டிக்கொண்டு அடித்தாள். பை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை தோல் வெந்து உரிந்திருந்தது.

"சார், மருந்து ஒழுகித்தான் வெந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் குடுங்க. பம்பையும் மாத்திக் குடுங்க," என்றாள்.

விமலன் பொறுமையாக விளக்கினார். "புண்ணு எங்க இருக்கு? முதுகுல. முதுகு எதுக்கு? படுக்கிறதுக்கு. எங்க படுக்கிறீங்க? வீட்டுல. பம்பை மாத்தினா பம்பு பழுதுன்னு ஆயிரும் வேலாயி. பம்பு பழுதுன்னா விபத்துன்னு ஆயிரும். இருபத்தஞ்சு நாளு இருக்கு."

அவள் வீட்டைச் சோதனை போடக் குழு அமைத்தார்கள். சிலந்தி கடித்து அனுபவப்பட்டவர் ஒருவர் குழுவில் இருந்தால் சரியாக இருக்கும் என்று குகனேஸ்வரன் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். 'அடையாளம் காட்டும் நிபுணர்' என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் உதடு, உதட்டிலிருந்து மீசை, மீசையிலிருந்து பக்கிரிசாமி வாய் வரைக்கும் போய்விடும். அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

வேலாயியின் வீட்டுத் தரை அவ்வளவு சுத்தம், விமலன் கால் வழுக்கியது. 'வழுக்கும் தரை' என்று குறித்துக்கொண்டார். அலமாரியை நகர்த்தினார்கள், பாயை உதறினார்கள், உள்பாவாடைகள் இருந்த பெட்டியைக்கூடத் திறந்தார்கள். வேலாயி சட்டை முதுகில் படாமல் இருக்க முன்னால் இழுத்துப் பிடித்தபடி மூலையில் நின்றாள். கடைசியில் ஜன்னலுக்கு வெளிப்பக்கம், மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு சிலந்தி அகப்பட்டது. நூல் மாதிரிக் கால், உடம்பு சீரகம் அளவு.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க அங்கிள். இந்த மாதிரிதானா?"

குகனேஸ்வரன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு, பார்க்கவே கூடாது என்று நினைத்திருந்தும், வேலாயியைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. எதையோ எதிர்பார்த்து நிற்பது போல இருந்தது.

"இருக்கலாம்," என்றார்.

கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். 'சிலந்தி உள்ள வீடு. குடியிருப்பவரே பொறுப்பு.' தினம் இரண்டு வேளை தரை துடைக்கிறவள் வீட்டுக் கதவில். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு அவள் செய்துகொண்டு போன சுண்டல் தூக்கு திறந்தபடியே திரும்பி வந்தது. யாரும் கை வைக்கவில்லை. நீலாவதி மட்டும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு வந்து புருஷன் முன்னால் வைத்தாள்.

"என்னாங்க, அந்தப் பொம்பள வீட்டுல எங்கங்க குப்பை இருக்கு? நீங்க உள்ள போய்ப் பார்த்தீங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

குகனேஸ்வரன் சுண்டலை மென்றார். சுவருக்கு அந்தப் பக்கம் வேலாயி குப்புறப்படுத்து முனகுவது சாப்பிடும்போதெல்லாம் கேட்டது. சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது அவருக்கு.

நானூற்றுத் தொண்ணூற்றாறாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. குகனேஸ்வரன் ஆபிஸுக்குப் போனார். அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். டை, ஒன்றரை மணி நேரம், பொய். விமலன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அங்கிள், இதை நீங்க சொல்லல, நான் கேக்கல. டைன்னு ஒரு கட்டம் ஃபாரத்துல கிடையாது. சரி, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். அந்த உண்மையை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? உங்களை வச்சுத்தான் மத்த நாப்பத்தேழு பேருக்கும் சிலந்தி போட்டிருக்கேன். உங்க ஒருத்தர் மனசாட்சிக்காக நாப்பத்தேழு சிலந்தியை வாபஸ் வாங்க முடியுமா?"

"அந்தப் பொம்பளைக்குக் காய்ச்சல் அடிக்குது சார்."

"காய்ச்சல் வியாதி. அது என் டிபார்ட்மெண்ட் இல்ல. இன்னும் நாலே நாளு. அதுக்கப்புறம் நீங்க உண்மையைத் தாராளமாச் சொல்லிக்கலாம்." அட்டையை எடுத்து அவரே மறுபடியும் மாட்டிவிட்டார்.

மாட்டிய அட்டையோடு குகனேஸ்வரன் வெளியே வந்தார். அதுதான் அவர் பிற்பாடு நினைத்து நினைத்துக் கூசியது. நாலு நாள் அதோடுதான் நடந்தார்.

ஐந்நூறாவது நாள் காலையில் வேலாயி குழாயடியில் விழுந்துவிட்டாள். தங்கச்சிக்குக் கோஸ் மூட்டை கொண்டுவந்திருந்த பக்கிரிசாமி அவளை லோரியில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு மணி நேரத்தில் அவர் மட்டும் திரும்பி வந்தார்.

"மாப்ள, டாக்டரு திட்டுறாரு. முதுகுல பட்டது என்ன மருந்து, பேரு வேணும்னு கேக்கிறாரு. ஆபிஸுக்குப் போன் அடிச்சா, சிலந்திக்கடின்னு லெட்டர் அனுப்பியிருக்காங்க. ஸ்டோரு பூட்டிக் கெடக்கு. சாவி கேட்டா, விழா முடியட்டும்ங்கிறானுங்க. என்ன கூத்துய்யா இது?"

ஸ்டோருக்கு வெளியே கொட்டகையில் பம்புகள் தொங்கின. வேலாயியின் பம்பில் அவள் பெயரைப் பெயிண்டில் எழுதியிருந்தாள். குகனேஸ்வரன் அதை இறக்கி, குழாயில் நாலைந்து தடவை நன்றாக அலசி, பச்சைத் தண்ணீர் நிரப்பி, முதுகில் மாட்டிக்கொண்டு விழாப் பந்தலுக்கு நடந்தார்.

தலைமை ஆபிஸிலிருந்து வந்த ருக்குமணி மேடம் கேடயத்தோடு மேடையில் இருந்தார். துரை பேசிக்கொண்டிருந்தார். "இந்த ஐந்நூறு நாள் சாதனைக்குக் காரணம், எங்க தொழிலாளிங்க எது நடந்தாலும் அதை விபத்துன்னு நினைக்காத மனப்பக்குவம்." கைதட்டினார்கள். குகனேஸ்வரன் மேடை ஏறியதும் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தட்டினார்கள்.

அவர் மைக்கைப் பிடிக்கவில்லை. திரும்பி நின்று பம்பை இறக்கி வைத்தார். கொட்டகையிலிருந்து பந்தல் வரை நடந்த நடையில் தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"இது வெறும் தண்ணி. வேலாயிக்கு மூணு வாரம் மருந்து ஒழுகுச்சு. அவ முதுகுல புண்ணு இதே அளவுலதான் இருக்கு. டிரெசரைக் கேளுங்க."

தினேஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஆமா. இதே அளவுதான்," என்றார். அவர் குரலும் நன்றாக இல்லை.

"என்னைச் சிலந்தி கடிக்கல. மீசைக்கு டை அடிச்சேன். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொன்னேன். அவ வீட்டுல போய் நின்னும் பொய் சொன்னேன். இப்ப அந்த மருந்துப் பேரைக் குடுங்க, ஆஸ்பத்திரியில கேக்கிறாங்க."

கடைசி வரிசையில் பக்கிரிசாமி ஒருவர் மட்டும் கெக்கே என்று சிரித்துவிட்டார். பத்து வருஷத்துச் சிரிப்பு, அடக்க முடியவில்லை. கூட யாரும் சிரிக்காததால் அவரே நிறுத்திக்கொண்டார். ருக்குமணி மேடம் கேடயத்தை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு, "ஸ்டோர் சாவி யார்கிட்ட?" என்று கேட்டார். ஐந்து நிமிஷத்தில் மருந்து டப்பாவிலிருந்து கிழித்த லேபிளோடு பக்கிரிசாமியின் லோரி கிளம்பியது.

அதற்குப் பிறகு நடந்ததில் தோட்டத்துக்கு ஒன்றும் குறையவில்லை. மறுநாள் விமலன் கையுறை மாட்டிக்கொண்டு மூன்று தகட்டையும் கழற்றி மூன்று பூஜ்யத்தை மாட்டினார். விருந்து போச்சே என்று குகனேஸ்வரனிடம் பாதிப் பேர் பேசவில்லை. ஃபாரத்தில் குறை இருப்பதைக் குழு கூடி ஒப்புக்கொண்டது. விபத்து, சிலந்தி என்ற இரண்டு கட்டங்களோடு மூன்றாவதாக ஒன்று சேர்த்தார்கள். 'மீசை டை.' குகனேஸ்வரனின் பழைய போட்டோவே அதற்கும் பயன்பட்டது, தலைப்பை மட்டும் மாற்றினார்கள். அந்த வாரம் கொதிதண்ணீர் கொட்டிக் கை வெந்து வந்த மணியம்மாவுக்குத்தான் முதல் டிக். அவளுக்கு மீசை இல்லையே என்று டிரெசர் கேட்டதற்கு, அதைப் போட ஃபாரத்தில் இடம் இல்லை என்றார் விமலன்.

மூன்றாம் நாள் குகனேஸ்வரன் மீசையை மழித்துவிட்டு, நீலாவதி காய்ச்சிக் கொடுத்த கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வேலாயி குப்புறப்படுத்து, முகத்தை ஒருபக்கம் திருப்பியிருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. முதுகு ஆற மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

"கதவுல ஒட்டின தாளைக் கிழிச்சாச்சாண்ணே?"

"நானே கிழிச்சேன். சோப்புப் போட்டுத் தேச்சுட்டேன்." கட்டிலை ஒட்டி வந்து நின்றார். "தாயி, நான் பொய் சொன்னேன். டை அடிச்சுத்தான்…"

"தெரியும்ணே."

"பக்கிரிசாமி சொன்னாரா?"

"அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். சுவத்துக்கு மேல அந்த டை நெடி வந்துச்சே, எனக்கு இருமலே வந்துருச்சு. மறுநாள் பெரட்டுல நீங்க சிலந்தின்னீங்க. சரி, ஆம்பள மீசை சமாச்சாரம், வெளிய தெரிஞ்சா மனுசனைச் சிரிப்பாங்கன்னு நான் வாயைத் தொறக்கல."

"உன் வீட்டுல வந்து நின்னப்பவும்?"

"அப்பவும் தொறக்கல. உங்களைச் சபையில காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு." அவள் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டாள். "நீங்களே சொல்லிருவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

அவர் கை பழக்கத்தில் மீசையைத் தடவப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கஞ்சித் தூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.